நாக்கில் படிவது அழுக்கல்ல

வணக்கம் நேயர்களே.

கீமோ சிகிச்சையில் இருந்த பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். நாக்கை நீட்டச் சொன்னேன். திரிந்த பால் ஒட்டியது போல வெள்ளைத் திட்டுகள், நடுவில் ரத்தக் கசிவு. "அழுக்குன்னு நினைச்சு மூணு நாளா வழிச்சேன் டாக்டர், வழிக்க வழிக்க வருது" என்றார். வரத்தான் செய்யும். அது கேண்டிடா என்ற பூஞ்சை. படலத்தை வழித்தால் அடியில் புண்ணாகச் சிவந்திருக்கும்.

இந்தப் பூஞ்சை வெளியிலிருந்து புதிதாக வந்து தொற்றியது என்று பலர் பயப்படுகிறார்கள். நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் பலருடைய வாயிலும் அது சத்தமில்லாமல் குடியிருக்கிறது. எச்சிலும் வெள்ளணுக்களும் கூடவே வாழும் பாக்டீரியாக்களும் அதை அடக்கி வைத்திருக்கும். கீமோ, உறுப்பு மாற்றத்துக்குப் பிறகு சாப்பிடும் மருந்துகள், கட்டுப்படாத சர்க்கரை, எச்ஐவி, எச்சிலை வற்றவைக்கும் கழுத்துப் பகுதிக் கதிர்வீச்சு என்று ஏதாவது வந்து அந்தக் கட்டு தளர்ந்தால், அது பெருகிவிடும். 1981இல் அமெரிக்காவில் எய்ட்ஸ் பற்றி வெளியான முதல் அறிக்கையில் இருந்த ஐந்து இளைஞர்களுக்கும் கேண்டிடா தொற்று இருந்தது.

எப்போதும் வெள்ளையாகத்தான் இருக்கும் என்றில்லை. பல்செட்டுக்கு அடியில் வெறும் சிவப்பாக இருக்கும். கடைவாய் வெடித்து எரியும். பல்செட் போடுபவர்கள் இரவில் கழற்றி, தேய்த்துக் கழுவி, ஊறவையுங்கள். வாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு பல்செட்டை மறந்தால் பூஞ்சை அங்கிருந்தே திரும்பி வரும். ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள்.

சரி, மருந்து. நிஸ்டாட்டின் திரவத்தைக் கொடுத்தால் இருமல் மருந்து மாதிரி மடக்கென்று விழுங்கிவிடுகிறார்கள். குடலிலிருந்து அது ரத்தத்தில் ஏறவே ஏறாது. பட்ட இடத்தில்தான் வேலை செய்யும். வாய் முழுக்கச் சுழற்றி, முடிந்தவரை வைத்திருங்கள். அப்புறம் அரை மணி நேரம் எதுவும் சாப்பிட வேண்டாம். எதிர்ப்பு சக்தி ரொம்பக் குறைந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஃபுளுகோனசோல் மாத்திரை வேண்டியிருக்கும். அது ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் வார்ஃபரினோடு மோதும். ஆகவே சாப்பிடும் மாத்திரை அத்தனையையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

விழுங்கும்போது நெஞ்சுக்குள் வலித்தால் தொற்று உணவுக்குழாய்க்கு இறங்கியிருக்கலாம். அதற்கு வாயில் கொப்பளிக்கும் மருந்து போதாது, தள்ளிப்போடாமல் போய்க் காட்டுங்கள். வழித்தும் வராத வெள்ளைத் திட்டு என்றால் அது வேறு சங்கதி. சதைப் பரிசோதனை தேவைப்படலாம்.

"எனக்கு எந்த நோயும் இல்லை, எந்த மருந்தும் சாப்பிடவில்லை" என்பவர் வாயில் இந்தப் படலத்தைப் பார்த்தால், சர்க்கரையோடு எச்ஐவி பரிசோதனையும் எழுதிக் கொடுப்பேன். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும், சீட்டை மட்டும் திருப்பி வாங்குவதில்லை.