நானோமீட்டர் அளவில் ஒரு பொருளை நகர்த்துவது எப்படி?

[திரையில்: ஒரு தலைமுடி, பக்கத்தில் அளவுகோல்]

ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரோமீட்டர், அதாவது 70,000 நானோமீட்டர். இப்போது உங்களிடம் ஒரு சிறிய மேடை இருக்கிறது, அதை 5 நானோமீட்டர் மட்டும் வலப்பக்கம் தள்ளி அங்கேயே ஆடாமல் நிறுத்த வேண்டும். சாதாரண மோட்டாரையும் திருகுத்தண்டையும் வைத்து முயன்றால், மோட்டார் சுற்றும், மேடை நகராது. மரைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியும் உராய்வும் அந்தச் சின்ன அசைவை அப்படியே விழுங்கிவிடும், இன்னும் கொஞ்சம் சுற்றினால் ஒட்டியிருந்தது விடுபட்டு ஒரேயடியாகத் தாவும்.

உரசுகிற பாகம் இருக்கும் வரை இந்தத் தாவல் போகாது. சரி, பாகங்கள் ஒன்றின் மேல் ஒன்று நகராமல், பொருளே நீண்டு சுருங்கினால்?

[திரையில்: படிகத்தை அழுத்த, மீட்டர் முள் அசைகிறது]

1880-இல் ழாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் குவார்ட்ஸ் போன்ற படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் உண்டாவதைக் கண்டார்கள். மறுவருடமே இயற்பியலாளர் லிப்மன், இதன் தலைகீழும் நடந்தாக வேண்டும், மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் உருமாற வேண்டும் என்று கணக்கிலேயே காட்டினார், கியூரி சகோதரர்கள் அதைச் சோதித்து உறுதி செய்தார்கள். இப்படி மின்னழுத்தத்தால் நீண்டு பொருளை நகர்த்தும் இன்றைய பீசோ ஆக்சுவேட்டர்களில் பெரும்பாலும் இருப்பது ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் கலந்த பிஇசட்டி என்ற பீங்கான். இது நீள்வது தன் நீளத்தில் வெறும் 0.1 சதவீதம் அளவுக்குத்தான். மெல்லிய அடுக்குகளாக அடுக்கினால் 100 வோல்ட் சுமாருக்கே 20 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு கட்டை 20 மைக்ரோமீட்டர் நீளும். குறைவுதான், ஆனால் அதைத் தடுக்க முயன்று பாருங்கள், பெரிய கட்டை என்றால் ஆயிரக்கணக்கான நியூட்டன் விசையோடு தள்ளும், அதுவும் ஒரு மில்லிவினாடிக்குள்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். 100 வோல்ட்டுக்கு 20 மைக்ரோமீட்டர் என்றால் ஒரு மில்லிவோல்ட்டுக்கு 0.2 நானோமீட்டர். அதாவது எவ்வளவு நுணுக்கமாக நகரலாம் என்பதைப் பீங்கான் முடிவு செய்வதில்லை, அதற்கு மின்சாரம் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயரின் இரைச்சல்தான், அதாவது மின்னழுத்தத்தின் சிறு ஏற்ற இறக்கம்தான், முடிவு செய்கிறது.

இங்கேதான் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். நுணுக்கமாக நகர்வது வேறு, சரியான இடத்தில் நிற்பது வேறு. பீசோவுக்கு 50 வோல்ட் கொடுத்தால் எங்கே நிற்கும்? கீழிருந்து 50-க்கு ஏறி வந்தால் ஓர் இடம், மேலிருந்து இறங்கி வந்தால் வேறோர் இடம். இதுதான் ஹிஸ்டெரிசிஸ், மொத்த நகர்வில் 10 முதல் 15 சதவீதம் வரை போகும். நம் 20 மைக்ரோமீட்டர் கட்டையில் அது 2,000 நானோமீட்டருக்கு மேல்! நமக்கு வேண்டியதோ 5. அப்புறம் க்ரீப் என்று ஒன்று: மின்னழுத்தத்தை மாற்றாமல் வைத்திருந்தாலும் பொருள் மெதுவாக ஊர்ந்துகொண்டே இருக்கும்.

ஆகவே என் பார்வையில், துல்லியத்தைத் தருவது பீசோ போன்ற ஸ்மார்ட் பொருள் இல்லை. நகர்ந்த தூரத்தை அளக்கிற சென்சாரும், அதைப் பார்த்து நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திருத்துகிற கட்டுப்பாட்டுச் சுற்றும், உராய்வே இல்லாமல் வளைந்து கொடுக்கும் ஃப்ளெக்சர் என்ற உலோக மூட்டும் சேர்ந்துதான் தருகின்றன. 1981-இல் பின்னிக்கும் ரோரரும் ஐபிஎம்மின் சூரிச் ஆய்வகத்தில் செய்த, கூரான ஊசியைப் பரப்புக்கு மிக அருகே ஓட்டி அணுக்களைப் படமாக்கும் ஸ்கேனிங் டனலிங் மைக்ரோஸ்கோப்பைப் பாருங்கள். ஊசியை ஏற்றி இறக்குவது பீசோதான், ஆனால் பரப்பிலிருந்து ஊசி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று யாரும் பீசோவைக் கேட்பதில்லை. இடைவெளி 0.1 நானோமீட்டர் மாறினாலே அந்த இடைவெளியைத் தாண்டிப் பாயும் டனலிங் மின்னோட்டம் ஏறக்குறைய பத்து மடங்கு மாறிவிடும், அந்த மின்னோட்டம்தான் அங்கே அளவுகோல்.

[திரையில்: காந்தத்துக்குள் கம்பிச்சுருள்]

சரி, காந்தப் பக்கம் வருவோம். வாய்ஸ் காயில் என்பது ஒலிபெருக்கியில் இருக்கிற அதே அமைப்பு: நிலைக்காந்தத்தின் புலத்தில் ஒரு கம்பிச்சுருள். விசை மின்னோட்டத்துக்கு நேர்விகிதம், ஹிஸ்டெரிசிஸ் கிட்டத்தட்ட இல்லை, மில்லிமீட்டர் கணக்கில் நகரும். ஆனால் இது கொடுப்பது விசை மட்டும், இடத்தை இது பிடித்து வைக்காது. எடையைத் தாங்கி நிற்க வேண்டும் என்றால் மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஓடினால் சுருள் சூடாகும். 100 மில்லிமீட்டர் எஃகு ஒரு டிகிரி சூடானால் சுமார் 1,200 நானோமீட்டர் நீளும், நம் 5 நானோமீட்டர் எங்கே போயிற்று பாருங்கள். பீசோ மின்தேக்கி மாதிரி என்பதால் அசையாமல் நிற்க அதற்கு மின்சாரம் ஏறக்குறைய தேவையே இல்லை. அதற்காகப் பீசோவுக்குச் சூடே ஏறாது என்று நினைக்க வேண்டாம், வேகமாக முன்னும் பின்னும் ஓட்டினால் அதுவும் சூடாகும்.

சூட்டைக் குறைக்க இன்னொரு வழி, இரும்பை மின்காந்தம் இழுக்கும் ரிலக்டன்ஸ் ஆக்சுவேட்டர். அதே அளவு சூட்டுக்கு விசை பல மடங்கு கிடைக்கும். விலை என்னவென்றால், விசை மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும், இடைவெளியின் இருமடிக்கு ஏற்பக் குறையும், இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதனால் எதிரெதிராக இரண்டு வைக்க வேண்டும், இடைவெளி சற்றுக் குறைந்தாலும் இழுவை கூடி இன்னும் குறைக்கப் பார்க்கும், கட்டுப்பாட்டு அல்காரிதம் எழுதுகிறவருக்கு நிஜமான வேலை இங்கேதான்.

காந்தப்புலத்தில் நீளும் பொருளும் உண்டு. இரும்பில் இதை 1842-இல் ஜூல் கண்டார், இன்றைய டெர்ஃபெனால்-டி என்ற உலோகக் கலவை பீசோ அளவுக்கோ அதைவிடக் கூடுதலாகவோ நீளும், சோனாரில் பயன்படுகிறது. ஆனால் புலத்தை உண்டாக்க மறுபடி சுருள், மறுபடி சூடு, ஹிஸ்டெரிசிஸும் கூடவே வரும். நைட்டினால் போன்ற வடிவ நினைவு உலோகக் கலவைகள் பல சதவீதம் சுருங்கும், ஆனால் ஆறித்தான் திரும்ப வேண்டும் என்பதால் மெதுவானவை, நானோமீட்டர் வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

[திரையில்: திறந்த ஹார்டு டிஸ்க்]

நீண்ட தூரமும் வேண்டும், நுணுக்கமும் வேண்டும் என்றால் இரண்டையும் சேர்த்துவிடலாம். இன்றைய பெரிய கொள்ளளவு ஹார்டு டிஸ்க்கில் வாய்ஸ் காயில், படிக்கும் தலையைத் தாங்கிய கையை வீசித் தரவுத் தடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறது, கையின் நுனிப் பக்கம் ஒட்டியிருக்கும் குட்டிப் பீசோக்கள் கடைசித் திருத்தத்தைச் செய்கின்றன. சென்சார் என்று தனியாக எதுவும் இல்லை, வட்டிலேயே எழுதி வைத்திருக்கும், இடத்தைக் காட்டும் சர்வோ குறிகளைத் தலையே படித்து, தடத்தின் நடுவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று சொல்லிவிடும்.