பிள்ளையை ஆர் ஆர் கேட்டது?

நேயர்களுக்கு வணக்கம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று வன்னிக் கோடுகளில், அதாவது நீதிமன்றங்களில், ஏறி இறங்கிய சட்டத்தரணி நான். சிறுவர் துஷ்பிரயோக வழக்குகளில் சாட்சியத்தை நீதிபதி எப்படி எடைபோடுகிறார் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

ஊரில் ரெண்டு கதை உலாவுது. "சின்னப்பிள்ளையின்ர கதை கோட்டில எடுபடாது" என்பது ஒன்று. "கண்ட சாட்சி இல்லை, மெடிக்கலிலயும் ஒண்டும் இல்லை, இனி என்ன வழக்கு" என்பது மற்றது. ரெண்டும் பிழை. இலங்கையின் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 118ஆம் பிரிவு சாட்சிக்கு வயதெல்லை போடவில்லை. கேள்வியை விளங்கி ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரிந்தால் பிள்ளையும் சாட்சிதான். 134ஆம் பிரிவின்படி இத்தனை சாட்சி வேண்டும் என்ற கணக்கும் இல்லை. காயம் இல்லையென்றால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. தடயம் விடாத கொடுமைகள்தான் கனக்க.

அப்ப வழக்கு எங்கே பலவீனப்படுகுது? நாங்கள் கேட்கிற கேள்வியில். இதை நான் எங்கே போனாலும் சொல்லுவன், அலுத்தாலும் கேளுங்கோ.

ஒரு வழக்கு. ஊர் பேர் வேண்டாம். பிள்ளை முதலில் ரீச்சரிட்டச் சொன்னது. பிறகு அம்மா கேட்டா, அம்மம்மா கேட்டா, பெரியப்பா வந்து "அவன்தானே? சொல்லு, அவன்தானே?" என்று உலுக்கிக் கேட்டார். கோட்டில் எதிரித்தரப்புச் சட்டத்தரணி எழும்பினார்: "ரீச்சரிட்ட மாட்டுக்கொட்டில் எண்டாய். பொலிஸில கிணத்தடி எண்டாய். எது பொய்?" பிள்ளை வாயே திறக்கவில்லை. அந்த வளவில் கொட்டிலும் கிணறும் பக்கத்துப் பக்கத்தில், நடுவில் ஒரு கிடுகு வேலி மட்டும்! வரைபடத்தைக் காட்டித்தான் அதை விளங்கப்படுத்தினோம். அதைவிடக் கைகொடுத்தது ரீச்சர் குறிப்பெழுதுகிற சீ.ஆர். கொப்பி. பிள்ளை சொன்னதைப் பிள்ளையின் வார்த்தையிலேயே, திகதி போட்டு, அண்டைக்கே எழுதி வைத்திருந்தா. திருத்தவில்லை, கூட்டவில்லை. சம்பவத்தை அண்டிச் சொன்ன பேச்சு, பிள்ளையின் சாட்சியத்துக்குப் பலம் சேர்க்கும். 157ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது.

ஆகவே, "என்ன நடந்தது?" என்று ஒருக்கால் கேளுங்கோ. சொல்லுறதை அப்படியே எழுதுங்கோ. "அவன்தானே?" என்று பெயரை நீங்கள் எடுத்துக் கொடுக்காதேங்கோ. நீங்கள் கொடுத்த பெயரைத்தான் பிள்ளை திருப்பிச் சொல்லுது என்று வாதாட வழி விடுகிறீர்கள். பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கேட்கக் கூடாது என்றுதான் முதல் விசாரணையை வீடியோவில் பதிந்து சாட்சியமாக்க 1999ஆம் ஆண்டு 32ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது. ஆனாலும் குறுக்குவிசாரணைக்குப் பிள்ளை நிற்கத்தான் வேணும்.

பிள்ளை ஆரோடு இருப்பது என்ற கட்டுக்காவல் வழக்கைப் பற்றி விரிவாய்ச் சொல்ல நினைத்தேன். உள்ளேயிருந்து கை காட்டுகிறார்கள். சுருக்கமாய்: குடும்ப நீதிமன்றம் என்று தனிக் கட்டடம் தேட வேண்டாம், மாவட்ட நீதிமன்றத்துக்கே அந்த அதிகாரம். குற்ற வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் எண்பிக்க வேணும். கட்டுக்காவல் வழக்கில் எது நடந்திருக்க வாய்ப்புக் கூட என்ற அளவு போதும். குற்ற வழக்கில் விடுபட்டவருக்கு இங்கே பிள்ளை கிடைக்காமலும் போகலாம். நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தால் கதவைத் திறவுங்கோ, அந்த அறிக்கையை நீதிபதி வாசிப்பார்.

முறையிட, சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கம் 1929. வணக்கம்.