செவுளைத் தூக்கிப் பார்த்த வாக்கு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கோயில் வீதியில பாய் விரிச்சு இருக்கிற என்ர சனமே, வணக்கம்.

யாழ்ப்பாணத்து உழைக்கிற சனம் கட்சி மாறி வாக்குப் போட்டது தெளிவாலயா, தடுமாற்றத்தாலயா? தெளிவாலதான் எண்டு சொல்ல வந்திருக்கிறன். கணக்கை முதலில வைச்சுவிடுறன். 2024 செப்ரெம்பர் 21, ஜனாதிபதித் தேர்தல். யாழ் தேர்தல் மாவட்டத்தில அநுரகுமாரவுக்கு விழுந்தது 27,086 வாக்கு. எட்டுக் கிழமை முடிய முதல், நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில, அவற்ற தெற்குக் கட்சி, திசைகாட்டிச் சின்னத் தேசிய மக்கள் சக்திக்கு 80,830. ஆறு ஆசனத்தில மூண்டு. கணக்கு அவ்வளவுதான்.

எதிரணித் தலைவர் ஒரு வசனம் சொன்னார். நீங்களும் கை தட்டினியள். "மீன் விக்கிற சனம், வாக்கையும் வித்துப்போட்டுது." நடுவர் அவர்களே, நான் எழுதிக்கொண்டு வந்த குறிப்பை மடிச்சு வைச்சிட்டன். இதுக்குப் பதில் சொல்லாமல் இந்த மேடையால இறங்கமாட்டன்.

எங்கட ஒழுங்கையில ஒரு மாமி. பாசையூர்க் கரையில மீன் எடுத்து, வித்து, நாலு பிள்ளையளை வளர்த்தவ. முதல் வாக்கு 1977 இல, தமிழர் விடுதலைக் கூட்டணியின்ர உதயசூரியனுக்கு. 2004 இல இருந்து தமிழரசுக் கட்சியின்ர வீட்டுச் சின்னத்துக்கு. அந்த நவம்பர் 14 இல வாக்குப் போட்டிட்டு மை காயாத விரலோட வாறா. சந்தியில நிண்ட கட்சித் தம்பி கேட்டான், "என்ன மாமி, வழமை போல வீட்டுக்குத்தானே?" மாமி சொன்னா, "வீட்டுக்குப் போட்டுப் போட்டு, என்ர வீட்டுக்கு ஆர் வந்தது ராசா?"

பின்னால இருக்கிற ஆக்களுக்குக் கேட்டதோ? திரும்பச் சொல்லுறன். மனிசி உடனை வாய் திறக்கேல்லை. கூடையை இறக்கி வைச்சா. சேலைத் தலைப்பால முகத்தைத் துடைச்சா. அவனை மேலையும் கீழையும் பார்த்தா. பிறகுதான், "என்ர வீட்டுக்கு ஆர் வந்தது ராசா?"

அவன் விடேல்லை. "அப்ப திசைகாட்டிக்கோ?" எண்டான். "தம்பி, மீன் வாங்க முதல் செவுளைத் தூக்கிப் பார்க்கிறனான். இருவது வருசமா வாக்கை மட்டும் செவுள் பார்க்காமல் குடுத்திட்டன்."

எதிரணித் தலைவரே, இவவா வித்தவ? வித்தால் காசு எங்கை? அவவின்ர கூரை இண்டைக்கும் ஒழுகுது, வாங்கோ, மழைக்கு வந்து நிண்டு பாருங்கோ! வித்த பொருளை ஆறு மாசத்தில திருப்பி எடுக்க ஏலுமோ? 2025 மே 6, யாழ் மாநகரசபைத் தேர்தல். தமிழரசுக்கு 13, சைக்கிள் சின்னத் தமிழ்க் காங்கிரசுக்கு 12, திசைகாட்டிக்கு 10. அதே ஒழுங்கை, அதே சனம். இன்னொருக்கால் செவுளைத் தூக்கிப் பார்த்திருக்குது!

இது புதுப் பழக்கமும் இல்லை. 1956 இல தமிழரசு அலை அடிக்கேக்க பருத்தித்துறை பொன். கந்தையா எண்ட கம்யூனிஸ்டைத் தெரிஞ்சது. 1970 இல வட்டுக்கோட்டை தமிழரசின்ர அமிர்தலிங்கத்தையே தோற்கடிச்சது. அண்டைக்கு அது அரசியல் விழிப்பு, இண்டைக்கு மீன்காரி மாறினால் விலையோ?

இன்னொண்டு. "எங்கட வாக்கு, எங்கட வாக்கு" எண்டு சொன்னியள். 1990 ஒக்டோபர் 30 இல, இரண்டு மணித்தியாலத்தில வெளியேற்றப்பட்ட சோனகதெரு முஸ்லிம் சனத்தின்ர வாக்கு ஆற்ற வாக்கு? திரும்பி வந்து இடிஞ்ச சுவருக்குள்ள குடியேறின அந்த மனிசர் ஆருக்குக் கடன்பட்டவை? அதைச் சொல்ல எனக்கே தொண்டை அடைக்குது.

மாமிக்கு நாலு பிள்ளையள் எண்டன். மூத்தவன் 2009 இல காணாமல் போனவன். அவன்ர படம் பொலித்தீன் பையில சுத்தி மீன் காசோட மடியில இருக்குது. வாக்குக் கேட்டு ஆர் வந்தாலும் மாமி நோட்டீசை வாங்க முதல் படத்தை எடுத்து நீட்டுவா. சிலபேர் "பாப்பம் அம்மா" எண்டிட்டு அடுத்த படலைக்குப் போனவை. ஒரு பெடியன் மட்டும் கையை வேட்டியில துடைச்சிட்டு, படத்தை ரெண்டு கையாலயும் வாங்கி, "தம்பிக்குப் பேர் என்னம்மா?" எண்டு கேட்டவனாம்.

அவன் எந்தக் கட்சி எண்டு நான் மாமியைக் கேக்கேல்லை. பதினைஞ்சு வருசத்துக்குப் பிறகு தன்ர பிள்ளையின்ர பேரை ஒருத்தன் கேட்டான் எண்டு, அதைச் சொல்லித்தான் அவ அழுதவ.

நன்றி. வணக்கம்.