விலக்குக் கடிதத்துக்கும் காலாவதி உண்டு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட் வட்டாரத்துப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நான் மருத்துவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிள்ளை பள்ளிக்குத் திரும்பியதும், திடலில் அதைப் பார்ப்பவர்கள் எங்களைப் போன்ற ஆசிரியர்கள்தான். ஓடுகிறதா, ஓரமாக உட்கார்ந்திருக்கிறதா என்பது எங்களுக்குத்தான் தெரியும். அந்த ஓரத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

ஸ்கோலியோசிஸ் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைந்து, கூடவே கொஞ்சம் முறுக்கிக்கொள்வது. எக்ஸ்ரேயில் அளந்து 10 பாகைக்கு மேல் இருந்தால் இந்தப் பெயர் வைப்பார்கள். பதின்ம வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது உண்டு. பெரும்பாலும் லேசாக இருந்து அப்படியே நின்றுவிடும். பெரிய வளைவாக முற்றுவது பெண் பிள்ளைகளுக்குத்தான் அதிகம்.

காரணம்? பெரும்பாலானவர்களுக்கு இன்னதென்று சொல்ல முடியாது. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கும் வரலாம். ஆனால் புத்தகப் பையால் வருவதில்லை. கோணலாக உட்கார்ந்ததால் வருவதில்லை. "நான்தான் கவனிக்காமல் விட்டுட்டேன் டீச்சர்" என்று அழுத அம்மாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இல்லையம்மா, உங்களால் வந்ததில்லை. இன்னொரு முறையும் சொல்கிறேன், பையால் வந்ததில்லை, உங்களால் வந்ததில்லை.

பிள்ளைகள் போடும் பாஜு கூரோங் என்ற மலாய் நீளச் சட்டை தொளதொளவென்று இருப்பதால் வீட்டில் யார் கண்ணுக்கும் இது படாது. எங்கள் ஊரில் இதை முதலில் கண்டுபிடிப்பவர் பல நேரம் தையல்காரம்மாதான். தீபாவளிக்கு ரவிக்கை அளவெடுக்கும்போது, "என்னம்மா, ஒரு பக்கத் தோள் தூக்கியிருக்கு, இடுப்பும் ஒண்ணா இல்லையே" என்பார். அவர் சொன்னால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். பிள்ளையைக் கால் சேர்த்து நிற்கவைத்து, உள்ளங்கைகளை ஒன்றுசேர்த்து முன்பக்கம் குனியச் சொல்லுங்கள். பின்னால் நின்று பாருங்கள். ஒரு பக்க விலா மேடாகத் தெரிந்தால் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். வளரும் வயதிலேயே தெரிந்தால் உடம்பைச் சுற்றிப் பிடிக்கும் கெட்டியான பிரேஸ் போட்டு, முற்றாமல் தடுக்க வாய்ப்பு உண்டு. 2013-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு அதை நிரூபித்தது. அதிக மணி நேரம் அணிந்தவர்களுக்கு அதிகப் பலன். எண்ணெய் போட்டு நீவினால் நிமிராது. நீவுகிறவர் என்மேல் கோபப்பட்டாலும் பரவாயில்லை, நிமிராது.

வளைவு 45, 50 பாகையைத் தாண்டினால் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசுவார்கள். வளைந்த பகுதியில் உள்ள எலும்புகளில் திருகாணி பதித்து, இரண்டு பக்கமும் கம்பி போட்டு, முடிந்தவரை நிமிர்த்தி, அந்த எலும்புகளின் மேல் எலும்புத் துகள்களைப் பரப்பி மூடுகிறார்கள். அந்தத் துகள்கள் வளர்ந்து தனித்தனி எலும்புகளை ஒரே எலும்பாக இணைக்கின்றன. ரப்பர் தோட்டத்தில் ஒட்டுக்கட்டிப் பழகியவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். மொட்டை வைத்துப் பட்டை சுற்றிக் கட்டுகிறோம். கட்டு பிடித்துக்கொண்டிருக்கும், ஒட்டு தானாகப் பிடிக்க வேண்டும். இங்கே கம்பிதான் கட்டு. ஒட்டுப் பிடித்ததும் ரப்பர் கன்றின் கட்டை அவிழ்த்துவிடுவோம், முதுகில் போட்ட கம்பியைச் சாதாரணமாக அவிழ்ப்பதில்லை, அது உள்ளேயே இருக்கும். ஒட்டு நன்றாகப் பிடிக்க ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகலாம். "குனியாதே, முறுக்காதே, கனம் தூக்காதே" என்பதெல்லாம் இந்தக் காலத்துக்குத்தான். ஆயுளுக்கும் இல்லை.

ஆயுளுக்கும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து மருத்துவர் பால் ஹாரிங்டன் தம்முடைய கம்பி முறையை உலகத்துக்கு எழுதிக் காட்டியது 1962-இல். அந்தக் காலத்தில் கம்பி போட்ட பிறகும் உடம்பைச் சுற்றி மாவுக்கட்டு, மாதக்கணக்கில் படுக்கை. நம் பாட்டிமார் மனதில் இருப்பது அந்தப் படம். இன்று மறுநாளோ அதற்கடுத்த நாளோ எழுப்பி நிற்கவைத்து நடக்கவைத்துவிடுகிறார்கள். தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி புரண்டு, கையை ஊன்றி எழச் சொல்லித் தருகிறார்கள். ஏறக்குறைய ஒரு வாரத்தில் வீடு. ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் பள்ளி. நடை முதல் நாளிலிருந்தே மருந்து. நீச்சல், மெதுஓட்டம் எல்லாம் சில மாதங்களில். மோதி விளையாடும் ஆட்டங்களுக்குக் கூடுதல் காலம். மருத்துவருக்கு மருத்துவர் இந்தக் கணக்கு மாறும். உங்கள் பிள்ளையின் மருத்துவர் சொல்வதுதான் உங்களுக்குக் கணக்கு.

சரி, கடிதத்துக்கு வருகிறேன்.

எங்கள் பள்ளியில் ஒரு பெண். படிவம் 2 முடிந்த விடுமுறையில் கோலாலம்பூரில் அறுவை சிகிச்சை நடந்தது. திரும்பி வந்தபோது நன்றாக நிமிர்ந்திருந்தாள், முன்பைவிடக் கொஞ்சம் உயரமாகவும் இருந்தாள். வளைவு நிமிர்ந்தால் உயரம் கூடத்தானே செய்யும்! கையில் கடிதம். உடற்கல்விப் பாடத்திலிருந்து ஒரு வருடம் விலக்கு. நியாயம்தான். திடலோரம் அங்சானா மரத்தடியில் உட்காரவைத்தோம். மற்றப் பிள்ளைகள் கைக்கடிகாரம், தண்ணீர்ப் புட்டி, பை எல்லாவற்றையும் அவளிடம் கொடுத்துவிட்டு ஓடுவார்கள். பத்திரமாகப் பார்த்துக்கொள்வாள்.

அப்புறம் எனக்கு வேறு வகுப்புகள் வந்தன. அவள் படிவம் 4-க்கு வந்தபோது மறுபடியும் என் வகுப்பு. பார்த்தால் அதே மரத்தடி, அதே கைக்கடிகாரங்கள். கடிதம் எங்கேம்மா என்றேன். எடுத்துக் கொடுத்தாள். லேமினேட் செய்திருந்தார்கள்! மழையில் நனையக்கூடாது, கிழியக்கூடாது என்று அவள் அம்மா பட்டணத்துக் கடையில் கொடுத்துச் செய்த வேலை. அந்தப் பளபளப்புக்கு உள்ளே தேதி தெளிவாகத் தெரிகிறது. முடிந்து எத்தனையோ மாதமாகிவிட்டது. அத்தனை ஆசிரியர்கள் கைக்குப் போய்வந்த கடிதம், ஒருவரும் தேதியைப் படிக்கவில்லை.

அந்த வாரமே தோட்டத்துக்குப் போனேன். அப்பா செம்பனை வெட்டு வேலை, இன்னும் வீடு திரும்பவில்லை. அம்மா தேநீர் கலக்க உள்ளே போனார். பாட்டிதான் என்னோடு பேசினார். பேசினார் என்ன, வழக்கு நடத்தினார்.

"கம்பி ஒடிஞ்சா யாரு டீச்சர் பதில் சொல்றது? நீங்களா?"

"நான் சொல்லலைங்க பாட்டி. டாக்டர் சொல்லட்டும்."

"டாக்டர் வெட்டினவரு. அவரு வெட்டிட்டுப் போயிருவாரு. பாத்துக்கறது நான்தானே?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உண்மையிலேயே பார்த்துக்கொண்டது அவர்தான். குளிக்க வாளியில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தது, இரவில் புரளும்போது கூடவே விழித்துக்கொண்டது, ஒரு வருடம் தலை பின்னிவிட்டது எல்லாம் அவர். அப்படிப் பார்த்தவருக்கு, "இனி போதும், விடலாம்" என்று யாரும் வந்து சொல்லவில்லை. அடுத்த மருத்துவப் பரிசோதனை எப்போது என்று மட்டும் கேட்டேன். பாட்டியும் கூடப் போக வேண்டும், இவள் ஓடலாமா, எது கூடாது, எது கூடும் என்று பாட்டியே கேட்க வேண்டும், மருத்துவர் சொல்வதை எழுதி வாங்கி வர வேண்டும் என்றேன். "நானா?" என்றார். நீங்கள்தான் பாட்டி.

போனார்கள். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு மருத்துவர், "இன்னும் ஏன் ஓடாமல் இருக்கிறாள்?" என்று திருப்பிக் கேட்டாராம். பாட்டி எனக்கு அதைச் சொன்னபோது குரலில் கோபமும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. புதுக் கடிதத்தில் ஒரே வரி, எல்லா நடவடிக்கைகளிலும் பங்கேற்கலாம் என்று.

அந்த ஆண்டு மெரெந்தாஸ் டேசா என்ற பள்ளி நெடுந்தூர ஓட்டத்தில் பெயர் கொடுத்தாள். செம்பனைக் காட்டைச் சுற்றி வரும் பாதை, செம்மண் ரோடு. வளைவில் குடையோடு பாட்டி. ஓடினாள், நடந்தாள், கடைசிக் கூட்டத்தில் ஒருத்தியாக வந்து சேர்ந்தாள். வந்ததும் அழுதாள். முதுகு வலித்ததா என்று பதறிப்போனேன். முதுகில் ஒன்றுமில்லை டீச்சர், காலில்தான் தெம்பே இல்லை, மூச்சு வாங்குகிறது என்றாள். பாருங்கள், அறுவை சிகிச்சை செய்யாத வேலையை மரத்தடி செய்திருக்கிறது. இதைத்தான் நான் எங்கே போனாலும் சொல்கிறேன். விலக்குக் கடிதம் வாங்கும் அன்றே கடைசித் தேதியை நாட்காட்டியில் வட்டமிடுங்கள். ஆசிரியர்களே, நீங்களும்தான். தேதி வந்ததும் மருத்துவரிடம் கேளுங்கள். ஒன்றும் கேட்காமல் விட்டால் அந்தக் கடிதம் தானாக நீண்டுகொண்டே போகும். அதற்கிடையிலும் முழுதாக உட்காரவைக்காதீர்கள். எல்லோரும் ஓடும்போது இவள் திடலைச் சுற்றி நடக்கட்டும்.

அந்தப் பெண் பிறகு பூப்பந்துக்குப் போய்விட்டாள். அது வேறு கதை, நேரம் இல்லை.

"கம்பி வைத்த முதுகு வளையுமா?" என்று கேட்பீர்கள். இப்போதே ஒன்று செய்து பாருங்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் வேண்டாம்! எழுந்து நின்று, இரண்டு கையையும் இடுப்பின் இரு பக்கமும் வைத்து, முதுகை நிமிர்த்தியபடியே முன்னால் சாயுங்கள். எவ்வளவு தூரம் போகிறீர்கள் பார்த்தீர்களா? மடிந்தது தொடையும் இடுப்பும் சேரும் மூட்டு. மார்புக்குப் பின்னாலுள்ள முதுகு விலா எலும்போடு பிணைந்திருப்பதால் முன்பக்கம் அதிகம் வளைவதே இல்லை. அதனால் மேல் முதுகில் மட்டும் இணைத்தவர்களுக்குக் குனிவதில் பெரிய குறை தெரியாது. கீழ் முதுகு வரை இணைத்தவர்களுக்குத் தெரியும். தரையில் உட்கார்ந்து சாப்பிடுவது, கோலம் போடுவது, வாளி தூக்குவது எல்லாவற்றுக்கும் முட்டியை மடக்கித் தாழ்ந்து வேலை செய்யப் பழக வேண்டும். கம்பி இல்லாத நமக்கும் அதுதான் நல்லது.

ஸ்டேசி லூயிஸ் என்று ஒரு அமெரிக்க கோல்ஃப் வீராங்கனை. துரைமார் கிளப்பில் கோல்ஃப் ஆட, நம் பையன்கள் பை தூக்கிக்கொண்டு நடந்த காலத்தை நினைத்துக்கொண்டு கேளுங்கள். பதினொரு வயதில் ஸ்கோலியோசிஸ். ஏழரை வருடம் பிரேஸ். அதற்குப் பிறகும் 2003-இல் அறுவை சிகிச்சை, ஒரு கம்பி, ஐந்து திருகாணி. ஆறு மாதம் மட்டையை வீசவே கூடாது என்றார்கள். 2013 மார்ச்சில் உலகப் பெண்கள் கோல்ஃப் தரவரிசையில் முதல் இடத்துக்கு வந்தார், அதே ஆண்டு செயின்ட் ஆண்ட்ரூசில் பெண்கள் பிரிட்டிஷ் ஓபனையும் வென்றார். உடம்பை முறுக்கி வீசுகிற ஆட்டம் அது. நம் பிள்ளைகள் எல்லோரும் சாம்பியன் ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. ஆட்டத்துக்குத் திரும்பலாம் என்கிறேன்.

காவடியைப் பற்றி எல்லா இடத்திலும் கேட்கிறார்கள். ஒட்டுப் பிடிக்கிற முதல் வருடம் நடந்து போய்க் கும்பிட்டு வாருங்கள், முருகன் கோபித்துக்கொள்ளமாட்டார். பிறகு பால்குடம் எடுக்கலாமா என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கம்பி இருக்கிற முதுகில் அலகு குத்துவதை என் வாயால் சரி என்று சொல்லமாட்டேன். கம்பிவரை கிருமி போய்விட்டால் லேசில் தீராது. செம்பனைக் குலை தூக்கும் வேலையும் அப்படித்தான், ஒரு குலை இருபது கிலோவைக்கூடத் தாண்டலாம், மருத்துவர் சொல்லாமல் கை வைக்க வேண்டாம். காய்ச்சல், தழும்பில் கசிவு, காலில் புதிதாக மரத்துப்போவது, தெம்பு குறைவது, இவற்றில் ஒன்று வந்தாலும் பரிசோதனைத் தேதிவரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். கல்யாணம், பிள்ளைப்பேறு பற்றி விரிவாகப் பேச எழுதி வைத்திருந்தேன், பெண் பார்க்க வருகிறவர்களுக்கும் சேர்த்து. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கம்பி போட்ட பெண்களில் பெரும்பாலோர் மற்றவர்களைப் போலவே கர்ப்பம் தரித்துப் பிள்ளை பெறுகிறார்கள். கீழ் முதுகுவரை இணைத்திருந்தால் அங்கே போடுகிற மயக்க ஊசி கொஞ்சம் சிரமமாகலாம். அதனால் முதல் பரிசோதனைக்குப் போகும்போதே பழைய அறுவை சிகிச்சைக் குறிப்பையும் எக்ஸ்ரேயையும் கையோடு எடுத்துப்போங்கள், மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே பேச வேண்டும் என்று கேளுங்கள். அவ்வளவுதான், நன்றி, வணக்கம்.