பிரிப்பதற்கென்றே பின்னிய சட்டை

(எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது. பேச்சின் போக்கை அதிகம் மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். கையில் ஸ்வெட்டரோடு மேடையேறியதும் முன்வரிசையில் இரண்டு பேர் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன். பயப்படாதீர்கள், விற்க வரவில்லை. விற்கவும் முடியாது, ஒரு கை இன்னும் பாதியில் நிற்கிறது.

போன கூட்டத்தில் டீ குடிக்கும்போது ஓர் அக்கா கேட்டார், "ரெண்டு வருஷமா அதே நீல நூலை வச்சுக்கிட்டு என்னதாம்மா பண்றே?" அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். அவர் இன்றைக்கும் வந்திருக்கிறார். அதனால் பதில் சொல்லியாக வேண்டும்.

இதற்குப் பெயர் கேன்சி. நூறு, நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் பிரிட்டனின் கடற்கரை முழுக்க, தெற்கே கார்ன்வாலிலிருந்து வடக்கே ஷெட்லாந்து வரை, மீனவர்கள் போட்டுக்கொண்ட கம்பளிச் சட்டை. பிரான்ஸ் கரையை ஒட்டி கெர்ன்சி என்று ஒரு தீவு இருக்கிறது. முதலாம் எலிசபெத் ராணி காலத்திலேயே அங்கிருந்து பின்னல் காலுறைகள் இங்கிலாந்துக்கு வந்துகொண்டிருந்தன. அந்தத் தீவின் பெயர்தான் வாய்க்கு வாய் தேய்ந்து வடக்கே கேன்சி ஆகிவிட்டது. கார்ன்வாலில் இதே சட்டையை நிட்-ஃபிராக் என்பார்கள். தாடியும் மீசையுமாக, கையில் வலையோடு நிற்கிற ஆள் போட்டிருப்பது ஃபிராக்!

எனக்குப் பின்னல் கற்றுக்கொடுத்தது அம்மா. எங்கள் ஊரில் பின்னல் என்றால் பிறக்கப்போகிற குழந்தைக்குக் குல்லா, சாக்ஸ், மிஞ்சிப்போனால் மார்கழிக்கு ஒரு மஃப்ளர். அவ்வளவுதான் என் மூலதனம். இந்த ஊருக்கு வந்து, மீன்பிடி அருங்காட்சியகம் ஒன்றில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கேன்சியைப் பார்த்தேன். தையலே இல்லை. எங்கே ஆரம்பித்து எங்கே முடித்திருக்கிறார்கள் என்றும் புரியவில்லை. பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். காவலாளி என்னையே பார்க்க ஆரம்பித்துவிட்டார். அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம்.

சரி, முதலில் கணக்கு.

பின்னலில் ஊசியில் விழுகிற ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி. வலைக்கும் கண்ணி, ஸ்வெட்டருக்கும் கண்ணி. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். சாதாரணமாகக் கையால் பின்னுகிற ஸ்வெட்டரில் அங்குலத்துக்கு ஐந்து கண்ணி வரும். கேன்சியில் எட்டு, சில பழைய சட்டைகளில் அதற்கும் மேல். ஊசியின் தடிமன் இரண்டேகால் மில்லிமீட்டர்தான். நூல் ஐந்து புரியை இறுக்கி முறுக்கியது, தொட்டால் கம்பளி என்றே தோன்றாது, மெல்லிய கயிறு மாதிரி இருக்கும். இதை ஏன் இவ்வளவு நெருக்கிப் பின்னினார்கள் என்றால், காற்று புகக்கூடாது, தெறிக்கிற தண்ணீர் சட்டென்று உள்ளே இறங்கக்கூடாது. படகில் அவர்களுக்கு இதுதான் கவசம்.

என் கணவருக்கு மார்பில் சட்டையின் சுற்றளவு 40 அங்குலம் வேண்டும். எட்டால் பெருக்கினால் ஒரு சுற்றுக்கு 320 கண்ணி. உயரம் 26 அங்குலம், அங்குலத்துக்கு 11 சுற்று, ஆக 286 சுற்று. 320ஐ 286ஆல் பெருக்கினால் 91,520. இரண்டு கைகளுக்கும் சேர்த்து ஒரு 40,000 வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1,30,000க்கு மேலே. நான் நிமிடத்துக்கு 20 கண்ணி போடுவேன். அப்படியானால் கிட்டத்தட்ட 110 மணி நேரம். பிரித்துத் திரும்பப் போட்டதை இதில் சேர்க்கவில்லை. அதைச் சேர்த்தால் வீட்டில் சண்டை வரும்.

இதில் இன்னொரு வம்பும் இருக்கிறது. உங்கள் கை கொஞ்சம் தளர்ந்து, எட்டுக்குப் பதில் ஏழரைக் கண்ணி விழுந்தால், அதே 320 கண்ணியில் சட்டை இரண்டரை அங்குலத்துக்கு மேல் பெருத்துவிடும். அரைக் கண்ணிதானே என்று விட முடியாது. கைக்குட்டை அளவுக்கு மாதிரித் துண்டு பின்னி, துவைத்து, காயவைத்து, ஸ்கேல் வைத்து எண்ண வேண்டும். நான் மூன்று துண்டு பின்னினேன். மூன்றும் இப்போது சமையலறையில் சூடான பாத்திரம் பிடிக்க உதவுகின்றன.

கருநீலத்தைத் தேர்ந்தெடுத்தது என்னுடைய முதல் தப்பு. மரபு அதுதான், மறுக்கவில்லை. ஆனால் இங்கே குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. டியூப்லைட் வெளிச்சத்தில் கருநீல நூலில் கண்ணி தேடுவது, இருட்டறையில் எறும்பு எண்ணுகிற வேலை.

நான் வட்ட ஊசியில், அதாவது இரண்டு ஊசிகளை வளைகிற கம்பியால் இணைத்ததில், பின்னுகிறேன். அந்தக் காலத்தில் இதைப் பின்னிய பெண்களிடம் அது இல்லை. நீளமான இரும்பு ஊசிகள் நாலைந்து. ஷெட்லாந்தில் அவற்றைக் கம்பி என்றே சொல்வார்கள். இடுப்பு பெல்ட்டில் ஒரு மரத்துண்டைச் செருகியிருப்பார்கள். அதன் முனையில் ஒரு துளை. வலது ஊசியின் அடியை அந்தத் துளைக்குள் குத்தி நிறுத்திவிட்டால் ஊசியைக் கை தாங்க வேண்டியதில்லை, விரலுக்கு நூலைத் தள்ளுகிற வேலை மட்டும்தான். நடந்துகொண்டே பின்னலாம். இந்த மரத்துண்டைச் செதுக்கி, இதயமும் பெயர் எழுத்தும் வெட்டி, பையன்கள் தாங்கள் விரும்பும் பெண்ணுக்குப் பரிசாகக் கொடுப்பார்களாம். யோசித்துப் பாருங்கள், காதலைச் சொல்லும்போதே எனக்கொரு சட்டை பின்னிக்கொடு என்றும் சொல்லியாகிவிட்டது.

நடந்துகொண்டே பின்னினார்கள் என்றதும் அழகான காட்சியாகத் தோன்றும். உட்கார நேரமில்லை என்பதுதான் காரணம். ஹெர்ரிங் மீன், நம் மத்திக்குத் தூரத்து உறவு, கோடையில் ஷெட்லாந்துப் பக்கம் பிடிபட ஆரம்பித்து, இலையுதிர் காலத்தில் தெற்கே கிரேட் யார்மவுத், லோஸ்டாஃப்ட் வரை வரும். படகுகள் அதைத் துரத்தும். படகுகளுக்குப் பின்னால் ஸ்காட்லாந்துப் பெண்கள் ரயிலேறி ஊர் ஊராக வருவார்கள். மூன்று பேர் ஒரு குழு, இரண்டு பேர் மீனைக் கீறிக் குடல் எடுப்பார்கள், ஒருத்தி உப்புப் போட்டுப் பீப்பாயில் அடுக்குவாள். கத்தி படாமலிருக்கவும் உப்பு எரியாமலிருக்கவும் விரல் ஒவ்வொன்றுக்கும் துணி சுற்றியிருப்பார்கள். அந்த விரல்கள்தான், வேலை முடிந்து துணியை அவிழ்த்ததும், ஊசியை எடுத்தன. வீட்டில் ஹீட்டர் போட்டு சோபாவில் உட்கார்ந்துகொண்டு நான் கை வலிக்கிறது என்று சொல்வதற்கு எனக்கே வெட்கமாக இருக்கும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் சட்டையைத் தூக்கிப் பிடிக்கிறேன், பாருங்கள். மார்பில் கயிறு, ஏணி, சாய்சதுரம் என்று ஒரே வேலைப்பாடு. வயிற்றுக்குக் கீழே ஒன்றுமில்லை, வழவழப்பு. கையிலும் தோளிலிருந்து முழங்கை வரை டிசைன், அதற்குக் கீழே வெறுமை. பார்க்கிறவர்கள், பாதியில் சலித்துப்போய் விட்டுவிட்டாயா என்று கேட்கிறார்கள். சலிப்பு இல்லை, அது திட்டம்.

பின்னல் துணியை முடித்த முனையிலிருந்து இழுத்தால் சரசரவென்று பிரியும். ஆரம்பித்த முனையிலிருந்து அப்படிப் பிரியாது. கேன்சியின் கையைத் தோளில் ஆரம்பித்து மணிக்கட்டை நோக்கிப் பின்னுகிறார்கள். ஆக, முடிகிற முனை மணிக்கட்டில் இருக்கிறது. கயிறும் வலையும் உரசி முதலில் கிழிவதும் அந்த மணிக்கட்டுதான். கிழிந்ததும் முடிச்சை அவிழ்த்து, முழங்கை வரைக்கும் பிரித்து, புது நூல் கோத்துத் திரும்பப் பின்னிவிடலாம். டிசைன் இல்லாத பகுதி என்பதால் யோசிக்க வேண்டியதில்லை. கீழ்விளிம்பு ஆரம்பித்த இடம், அங்கே பிரிப்பது கஷ்டம், அதனால் அதை இரட்டை நூலில் முடிச்சு முடிச்சாக ஆரம்பிக்கிறார்கள். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மாதிரி. ஒரு பக்கம் தேய்ந்தால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். அக்குளில் இந்தச் சாய்சதுரத் துண்டைப் பாருங்கள், கையைத் தலைக்கு மேல் தூக்கி வலை இழுத்தாலும் சட்டை இடுப்பிலிருந்து மேலே ஏறாது. ஒட்டுப்போட்டதில்லை, கண்ணி கூட்டிக் குறைத்துப் பின்னலோடு பின்னலாக வந்தது.

இதெல்லாம் எனக்குப் படித்துத் தெரிந்தது இல்லை, பட்டுத் தெரிந்தது. முதல் கையை முடித்து, என் கணவருக்குப் போட்டுப் பார்த்து, மணிக்கட்டு எலும்பு மறைகிற மாதிரி அளவாக வந்திருக்கிறது என்ற பெருமையோடு இங்கே நூலகத்தில் கூடுகிற பின்னல் குழுவுக்கு எடுத்துப்போனேன். எண்பது வயதுப் பாட்டி ஒருவர், மீனவர் வீட்டில் பிறந்தவர், கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உன் வீட்டுக்காரர் கடலுக்குப் போவாரா, ஆபீஸுக்கா?" என்று கேட்டார். ஆபீஸுக்குத்தான். மீனோடு அவருக்கு இருக்கிற பழக்கம் தட்டோடு சரி. "அப்போ பரவாயில்லை" என்றார். கேன்சியின் கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட வேண்டுமாம். நீளமாக இருந்தால் உப்புத் தண்ணீரில் ஊறி, ஈர விளிம்பு தோலை உரசி உரசிப் புண்ணாகிவிடும். அவருடைய அப்பாவின் கையில் அந்தத் தழும்பு இருந்ததாம்.

வீட்டுக்கு வந்து மூன்று அங்குலம் பிரித்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, பின்னியவள் அடுத்த வருடம் இதைப் பிரிக்கப்போகிறவளை மனதில் வைத்துத்தான் ஆரம்பித்திருக்கிறாள். அனேகமாக அவளேதான் அவள்.

அப்புறம், எல்லோரும் கேட்கிற அந்தக் கதை. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு டிசைன், மூழ்கிப்போன மீனவன் உடல் எங்கோ கரை ஒதுங்கினால் சட்டையை வைத்து ஊரைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று. நானும் நம்பினேன், நாலு பேருக்குச் சொல்லியும் இருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. ஒவ்வொரு ஊருக்கும் பிடித்த டிசைன்கள் இருந்தது உண்மை. ஃபைலிக்கு ஒரு ருசி, ஷெரிங்ஹாமுக்கு வேறு ருசி. ஆனால் ஹெர்ரிங் பெண்கள் கரை நெடுக அலைந்தார்கள், ஊர்விட்டு ஊர் வாழ்க்கைப்பட்டார்கள். எதிர்வீட்டு வாசலில் புதுக் கோலம் பார்த்தால் மறுநாள் நம் வாசலில் அது வந்துவிடும் இல்லையா, அதே மாதிரிதான். எழுதிவைத்தது எதுவும் கிடையாது, கண்ணால் பார்த்துக் கையால் போடுவது. வளைந்து வளைந்து ஏறி இறங்குகிற ஒரு டிசைனுக்குக் கல்யாணக் கோடு என்று பெயர். அது எந்த ஊருக்குச் சொந்தம் என்று யார் சொல்வது?

இந்தக் கதைக்குப் பெரிய ஊக்கம் கொடுத்தது 1904இல் டப்ளினில் மேடையேறிய ஓர் அயர்லாந்து நாடகம், ஜே. எம். சிங் எழுதிய 'ரைடர்ஸ் டு தி சீ'. கடலில் போன அண்ணனைத் தங்கை அடையாளம் காண்கிறாள். ஆனால் அங்கே வருவது காலுறை. ஊர் டிசைனெல்லாம் இல்லை, தான் எத்தனை கண்ணி போட்டோம், எத்தனை விட்டோம் என்கிற எண்ணிக்கையை வைத்துக் கண்டுபிடிக்கிறாள். அதை என்னால் நம்ப முடிகிறது. என் தப்புகள் எந்தச் சுற்றில் இருக்கின்றன என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மற்றபடி, கீழ்விளிம்புக்கு மேலே, சட்டையைப் போட்டுக்கொள்கிறவர் பெயரின் முதல் எழுத்துகளைப் பின்னி வைப்பதுதான் உண்மையான வழக்கம். எழுத்து இருக்கும்போது டிசைனை ஏன் ஆராய வேண்டும்?

தப்பு என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மார்பில் இரண்டு ஓரமும் கயிறு வருகிறது. வலது கயிறு வலப்பக்கமும் இடது கயிறு இடப்பக்கமும் முறுக்க வேண்டும். நாலு அங்குலம் ஏறிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பார்க்கிறேன், இடது கயிற்றில் அடியில் ஒரே ஒரு முறுக்கு எதிர்ப்பக்கம் போயிருக்கிறது. "யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் கணவர். எனக்குத் தெரியுமே. நாற்பது சுற்றுக்கு மேல் பிரித்தால் பன்னிரண்டாயிரம் கண்ணி போச்சு. அதனால் அந்தக் கயிற்றின் ஆறு கண்ணியை மட்டும் ஊசியிலிருந்து இறக்கி, வேண்டுமென்றே கீழே ஓடவிட்டேன். சட்டையின் நடுவே ஓர் ஓட்டை, அதில் நாற்பது குறுக்கு நூல்கள், ஏணிப்படி மாதிரி. கீழ்ப்படியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டு குட்டி ஊசிகளால் அந்த ஆறு கண்ணியைத் திரும்ப மேலே ஏற்ற வேண்டும். ஒரு படியைத் தாண்டி அடுத்ததை எடுத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து. இரண்டு முறை தாண்டினேன். கடைசிப் படி ஏறும்போது ராத்திரி ஒன்றரை மணி. அந்தப் பகுதி மட்டும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு நின்றது, துவைத்ததும் படிந்துவிட்டது. இப்போது நீங்கள் தேடினாலும் கிடைக்காது.

இரண்டாவது கையில் இன்னும் ஆறு அங்குலம் பாக்கி. பங்குனிக்குள் முடித்துவிடுவேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன், எந்த வருடப் பங்குனி என்று சொல்லவில்லை. சட்டையை முன்வரிசையிலிருந்து சுற்றுக்கு விடுகிறேன். தொட்டுப் பாருங்கள், உள்பக்கம் திருப்பிப் பாருங்கள், கயிற்றில் அந்தத் தப்பைத் தேடுங்கள். அந்த ஊசியை மட்டும் யாரும் உருவிவிடாதீர்கள்.