கார்பன் நகலிலிருந்து லிச்செஸ் ஸ்டடிக்கு: செஸ் ஆட்டங்களைச் சேமிக்கும் முறை

[திரை: மங்கிய ஸ்கோர் ஷீட், பக்கத்தில் லிச்செஸ் போர்டு]

போட்டியில் மூவ்களை எழுதும் ஸ்கோர் ஷீட், உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி அமைப்பாளருக்குச் சொந்தம். வீட்டுக்கு வருவது கார்பன் நகல்தான். பையில் கிடந்து உரசினால் 3 எது, 8 எது என்றே தெரியாது. அன்றைக்கு ராத்திரியே ஏற்றிவிடுங்கள்.

லிச்செஸ் என்ற இலவச செஸ் தளத்தில் புது ஸ்டடி (ஆட்டங்களைச் சேர்த்துவைக்கும் தொகுப்பு) ஒன்றைத் திறங்கள். ஒரு ஆட்டத்துக்கு ஒரு சாப்டர். ஒரு ஸ்டடியில் 64 சாப்டர்தான் கொள்ளும். 9 சுற்றுப் போட்டிகள் ஏழு ஆடினாலே 63 ஆகிவிடும், எட்டாவது போட்டி பாதியில் நிற்கும். அதனால் 'முதல் அரையாண்டு', 'இரண்டாம் அரையாண்டு' என்று பிரியுங்கள். ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க முறை) வாரியாகப் பிரிப்பவர்கள் உண்டு, ஆனால் அது சரிப்படாது. இங்கிலிஷ் ஓப்பனிங்கில் ஆரம்பித்த ஆட்டம் குயின்ஸ் கேம்பிட் ஓப்பனிங்கில் போய் முடியும். அதை எந்தப் பெட்டியில் போடுவது?

[திரை: கறுப்பின் இரண்டு குதிரைகள் பி8, எஃப்6 கட்டங்களில்]

இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். ஷீட்டில் 'குதிரை டி7' என்று மட்டும் இருக்கிறது. இரண்டு குதிரையும் அங்கே போகலாம். நீங்கள் எஃப்6 குதிரையை நகர்த்திவிட்டீர்கள். போர்டு ஒன்றும் சொல்லாது. 12வது மூவில் ஷீட்டில் குதிரை இ4-ஐ வெட்டுகிறது. உங்கள் போர்டிலோ இ4-க்குப் போக ஒரு குதிரையும் இல்லை. தவறு 12-ல் இல்லை, பின்னால் இருக்கிறது. இரண்டு காய்க்கு வழி இருந்த கடைசி இடத்துக்குப் போய் மாற்றுங்கள். மாற்றியதும் அங்கிருந்து புதுக் கிளை பிரியும். அதற்குப் பிறகு போட்ட மூவ்கள் அந்தக் கிளைக்குத் தானாக வராது, மறுபடி போடத்தான் வேண்டும்.

ஒவ்வொரு மூவுக்கும் 30 விநாடி கூடுதல் நேரம் இல்லாத ஆட்டத்தில், கடைசி 5 நிமிடத்தில் எழுதுவது கட்டாயமில்லை. அந்த மூவ்களை யூகித்து நிரப்பாதீர்கள். தெரிந்த இடத்தோடு நிறுத்தி, முடிவு நிலை ஞாபகம் இருந்தால் அதைத் தனி சாப்டராக வையுங்கள்.

[திரை: போர்டுக்குக் கீழே டேக் பகுதி]

அடுத்தது டேக், அதாவது ஆட்டத்தின் விவரக் குறிப்பு. போட்டி, இடம், தேதி, சுற்று, வெள்ளை, கறுப்பு, முடிவு ஆகிய ஏழும், செஸ் ஆட்டங்களைச் சேமிக்கும் கோப்பு வடிவமான பிஜிஎன் தரத்தில் அடிப்படை. தேதியை 08-11-2025 என்று போடாதீர்கள், 2025.11.08 என்று ஆண்டு முன்னால் வர வேண்டும். நாள் மறந்துபோனால் 2025.11.?? போதும். முடிவையும் நீங்களே போட வேண்டும், எதிராளி ரிசைன் செய்தது போர்டுக்குத் தெரியாது.

பெயர்தான் பெரிய தலைவலி. பிஜிஎன் தரம் குடும்பப் பெயர், காற்புள்ளி, சொந்தப் பெயர் என்று கேட்கிறது. நமக்கு இருப்பது இனிஷியல். இனிஷியலை ஒருமுறை முன்னால், ஒருமுறை பின்னால் போட்டால் ஒரே ஆள் இரண்டு பேராகிவிடுவார், தேடினால் பாதி ஆட்டம்தான் கிடைக்கும். ஃபிடே பட்டியலில் 'குகேஷ் டி', 'பிரக்ஞானந்தா ஆர்' என்று இனிஷியல் பின்னால் வரும். அதையே பிடித்துக்கொள்ளுங்கள். ஃபிடே எண்ணுக்கும் டேக் உண்டு, போட்டுவிட்டால் குழப்பமே இல்லை.

ஓப்பனிங் தயாரிப்புக் குறிப்புகள் இருந்தால் ஸ்டடியை அழைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி வையுங்கள். அடுத்த சுற்று எதிராளியும் லிச்செஸில்தான் தேடுவார்.

ஒவ்வொரு போட்டி முடிந்ததும் ஸ்டடி முழுவதையும் பிஜிஎன் கோப்பாக இறக்கி வையுங்கள். அதை வேர்டில் திறந்து சேமிக்க வேண்டாம். நேர் மேற்கோள் குறிகளை அது வளைத்துவிட்டால், திரும்ப ஏற்றும்போது டேக் படிக்காது. நோட்பேட் போதும்.