டையில் மாட்டிக்கொண்ட தோட்டா உறை

வணக்கம். டெக்சாஸில் என் வீட்டுக் கராஜிலிருந்து பேசுகிறேன். பின்னால் கேட்கிற இரைச்சல் துணி துவைக்கும் இயந்திரம். அதை நிறுத்தும் அதிகாரம் எனக்கு இந்த வீட்டில் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தட்டில் நாற்பது பித்தளை உறைகள் இருக்கின்றன, எல்லாம் .308 வின்செஸ்டர் என்ற ரைபிள் தோட்டாவுடையவை. சுட்டு முடித்த உறைகளில் மறுபடி வெடிமருந்து நிரப்புவதுதான் என் வேலை. இப்போதுதான் மசகுக்காக லேனோலின் ஸ்ப்ரே அடித்தேன், லேனோலின் என்பது ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் மெழுகு. அது உலரும்வரை உங்களோடு பேசலாம். உலர விடாததால் நேற்று என்ன ஆனது என்பதைக் காட்டத்தான் கேமராவைத் திறந்தேன்.

இதோ, கிட்டே கொண்டுவருகிறேன். இந்த எஃகு உருளைதான் டை. அடியில் மஞ்சளாக மின்னுவது ஒரு வெற்று உறை. உள்ளே போனது, வெளியே வர மறுக்கிறது. உறையை டைக்குள் தள்ளும் கருவிக்குப் பிரஸ் என்று பெயர். அதன் கைப்பிடியை நான் மேலே தூக்கியபோது, உறையின் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு, உறையைப் பிடித்திருந்த பிடிப்பான் மட்டும் கீழே இறங்கிவந்தது. உறை அப்படியே தங்கிவிட்டது.

தொடர்வதற்கு முன் ஒன்று. இங்கே சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்பக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை, விற்பதற்கென்றால் தேவை. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது. இந்தியாவிலிருந்து பார்ப்பவர்களுக்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் வீட்டில் தோட்டா தயாரித்தால் சிறைதான். வேடிக்கை பாருங்கள், போதும்.

சரி, ஏன் மாட்டியது? சுட்ட உறை, துப்பாக்கியின் அறை அளவுக்கு உப்பிப்போயிருக்கும். அதை நெருக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது டையின் வேலை. கைத்துப்பாக்கியின் நேரான உறைகளுக்குக் கார்பைடு டை கிடைக்கிறது, மசகே வேண்டாம். ரைபிள் உறைக்குப் பாட்டிலைப் போலத் தோளும் கழுத்தும் உண்டு. மசகு இல்லாமல் தள்ளினால் பித்தளை எஃகைக் கவ்விக்கொள்ளும். இந்த ஸ்ப்ரேயில் லேனோலினை ஆல்கஹாலில் கரைத்திருக்கிறார்கள். ஆல்கஹால் ஆவியான பிறகு மிஞ்சுவதுதான் மசகு. நான் ஈரத்தோடு தள்ளினேன். பாதியிலேயே கைப்பிடி கனத்தது. கைக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை. உடம்பைச் சாய்த்து அழுத்தினேன்.

அதற்காக அள்ளிப் பூசவும் கூடாது. எண்ணெய் நசுங்காது, தோளில் தேங்கி, பித்தளையைப் பள்ளமாக்கிவிடும். விரலில் லேசாக வழுவழுப்புத் தெரிந்தால் போதும்.

இனி இதை எடுப்போம். கண்ணாடி போட்டுக்கொள்கிறேன். உறையின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடிதான் பிரைமர். உறை உள்ளே ஏறியபோதே பழைய பிரைமர் கழன்று விழுந்துவிட்டது, அதைச் சரிபார்த்தேன். பிரைமரைத் தள்ளும் நடுத்தண்டை மேலே திருகி, துளைப்பான் அதில் படாமல் விலக்கிவிட்டேன். டையைத் தலைகீழாகத் திருப்பி, பிரைமர் இருந்த குழியில் துளை போட்டு, கால் அங்குல போல்ட்டுக்கு மரை வெட்டுகிறேன். மேலே ஒரு குழாய்த் துண்டு, ஒரு வாஷர், பிறகு போல்ட். ஸ்பானரால் இறுக்க இறுக்க உறை மேலே ஏறி வரும். டையை ஃப்ரீசரில் வைத்தால் தானாகக் கழன்றுவிடும் என்று ஒரு நண்பர் சொன்னார். இரவு முழுக்கப் பட்டாணிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். டை குளிர்ந்தது.

மரை வெட்டும்போது சுருள் சுருளாகப் பித்தளை வருகிறது, தெரிகிறதா? அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே. அவசரப்பட்டால் டேப், அதாவது மரை வெட்டும் கருவி, உள்ளேயே ஒடியும். அதற்குப் பிறகு புது டைதான்.

இதுவாவது பணத்தோடு போகிற விபத்து. போன வருடம் சுடுகளத்தில் எனக்கு நடந்தது அப்படிப்பட்டதல்ல. விசையை இழுத்தேன், வெடிச் சத்தத்துக்குப் பதிலாக 'டப்' என்று ஒரு சத்தம். தோளில் உதையே இல்லை. குழலை இலக்குப் பக்கமே வைத்து முப்பது நொடி அசையாமல் இருந்தேன். மருந்து தாமதமாகப் பற்றினாலும் பற்றலாம். பிறகு ரைபிளின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டைக் கழற்றிப் பின்புறமிருந்து பார்த்தால், குழலில் வெளிச்சம் வரவில்லை. பிரைமரின் வேகம் மட்டும் குண்டைத் தள்ளிக் குழலுக்குள் சொருகியிருந்தது. அடுத்த தோட்டாவைப் போட்டுச் சுட்டிருந்தால் குழல் வெடித்திருக்கலாம்.

காரணம் என் மேசையில்தான். ரைபிள் மருந்து பல, நொறுக்கிய சேமியாவைப் போலக் குச்சி குச்சியாக இருக்கும். புனலின் கழுத்தில் குறுக்கே மாட்டிப் பாலம் கட்டிக்கொள்ளும். ஓர் உறைக்கு ஒன்றும் விழாது. அடுத்ததைத் தட்டும்போது இரண்டு பங்கும் சேர்ந்து விழும். பொதுவாக ரைபிள் உறையில் இரண்டு பங்கு கொள்ளாது, வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். வழிந்ததைத் துடைத்தேனே தவிர, முந்தைய உறையைத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து, குண்டு பொருத்துவதற்கு முன் கட்டையில் நிற்கும் எல்லா உறைக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். உயரம் ஒன்றாக இருக்க வேண்டும்.

மேசையில் ஒரே ஒரு மருந்துப் புட்டி. இதில் விட்டுக்கொடுப்பே இல்லை. 4350 என்ற எண்ணில் வெவ்வேறு தயாரிப்பாளர்களின் மருந்துகள் இருக்கின்றன, எரியும் வேகம் ஒன்றல்ல. எண்ணைப் பார்த்து அளவை மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

பழைய பிரைமரைத் தள்ளும் ஊசி ஏன் அடிக்கடி ஒடிகிறது என்று கேட்டிருந்தீர்கள். உறைக்குள் எட்டிப் பாருங்கள், இரண்டு சிறு துளை தெரிந்தால் அது பெர்டான் வகை. நம் ஊசி பாக்ஸர் வகையின் ஒற்றைத் துளைக்கானது. பெர்டான் அமெரிக்கர், பாக்ஸர் ஆங்கிலேயர். ஆனால் அமெரிக்காவில் புழங்குவது பாக்ஸர். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ம்... கிறீச்சென்றது, கேட்டீர்களா? வந்துவிட்டது. டையின் உட்சுவரில் கீறல் இல்லை, பித்தளைப் பொடிதான். துடைத்துவிட்டு மாட்டுகிறேன்.

தட்டில் விரல் வைத்துப் பார்க்கிறேன். சில்லென்று இருக்கிறது, இன்னும் ஆல்கஹால் போகவில்லை. இன்னொரு ஐந்து நிமிடம். அதற்குள் துணியைக் காயப் போட்டுவிட்டு வருகிறேன்.